விளிம்பில் கறுப்பு

பிழை எழுதுவது என் உத்தியோகம்.
ஹாம்பர்க் துறைமுகம் பார்த்த நாலாம் மாடி.
கதவில் என் பெயர், டெட்லெஃப் ஹார்ம்ஸ்,
அதன் கீழே 'உரிமைக் காப்பு' என்றொரு பித்தளைத் தகடு.
இரண்டாயிரத்து இரண்டு, நவம்பர்.
வெளியே மூடுபனிக்குள் கிரேன்கள்
கழுத்து நீட்டி எதையோ தேடிக்கொண்டிருந்தன.

குறுந்தகட்டின் உள்வட்டத்தில் ஓர் அட்டவணை உண்டு,
எந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது என்று சொல்ல.
அது மெய்.
வெளி விளிம்பில் நான் இன்னொன்று எழுதினேன்.
அது பொய்.
வீட்டுப் பெட்டி உள்ளே ஒருமுறை பார்த்துவிட்டுப்
பாடத் தொடங்கிவிடும்.
கணினி, பாவம், அதிகம் படித்தது;
கடைசி வரை வாசித்து
என் பொய்யை நம்பித்
தலைசுற்றி நிற்கும்.
படித்தவனை ஏமாற்றுவது சுலபம் என்றேன் கூட்டத்தில்.
இயக்குநர்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள்.

கணக்குப் பிரிவு கெசினே மட்டும் கை தூக்கினாள்.
"நாமே விற்றால் என்ன, இணையத்தில்?
ஒரு பாட்டு, எண்பது சென்ட்."
தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்:
"ஆற்றங்கரையில் நின்றுகொண்டு
தண்ணீரைக் காசுக்கு விற்கச் சொல்கிறாயா?"
அவர் முன்னால் பாதி குடித்த மினரல் வாட்டர் போத்தல்.
கெசினே அதைப் பார்த்தாள்.
நானும் பார்த்தேன்.
குறிப்பேட்டில் யாரும் அதை எழுதவில்லை.

ஜனவரியில் தகடுகள் திரும்பி வரத் தொடங்கின,
பெட்டி பெட்டியாக.
ப்ரேமன் டாக்ஸி ஓட்டுநர் ஒருவர்
ரசீதைக் குண்டூசியால் குத்தி எழுதியிருந்தார்:
'நான் காசு கொடுத்தவன். என் வண்டியில் பாடவில்லை.
காசு கொடுக்காத என் மைத்துனன் வீட்டில்
நேற்று ராத்திரி முழுக்கப் பாடியது.
நம் இருவரில் திருடன் யார் என்று
தயவுசெய்து விளக்கவும்.'
பதில் எழுத ஒரு படிவம் இருந்தது.
அதில் 'மைத்துனன்' என்ற கட்டம் இல்லை.

பிறகு ஒரு மதியம் தொலைபேசி.
ஓர்ட்ரூன் டீடே, எங்கள் பாடகி,
லூபெக் சாலையில் ஒரு பெட்ரோல் பங்கிலிருந்து.
பின்னால் லாரிகள் உறுமின.
"ராத்திரி கச்சேரி. மூன்றாம் பாட்டில்
எங்கே மூச்சு வாங்கினேன் என்று கேட்க வேண்டும்.
என் கார் என் தகட்டைத் துப்புகிறது, ஹார்ம்ஸ்.
அதில் இருப்பது என் குரல்தானே?"

வாயைத் திறந்தேன்.
ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பிரிவு நினைவுக்கு வந்தது.
போய்விட்டது.
"அந்தக் கடையில் மார்க்கர் பேனா கிடைக்குமா?
கறுப்பு, தடிமன்.
தகட்டைத் திருப்புங்கள். வெளி விளிம்பில்
மங்கலாக ஒரு வளையம் தெரிகிறதா?
அதன்மேல் மை பூசுங்கள்.
கை நடுங்கக் கூடாது, உள்ளே போனால் பாட்டு அழியும்."
கதவு சாத்தும் ஓசை.
நீண்ட நேரம் ஒன்றுமில்லை.
பிறகு, தூரத்தில், ஒரு அக்கார்டியன்.

பதினெட்டு மாத உழைப்பு.
ஒன்றரை யூரோ பேனா.

அன்றிரவு அலுவலகத்தில் எல்லோரும் போன பின்
அதே பாட்டை இணையத்தில் தேடினேன்.
வெளியீட்டுக்கு நான்கு நாள் முன்பே ஏறியிருந்தது,
பூட்டுப் போடுமுன்
எங்கள் கட்டடத்திலிருந்தே யாரோ எடுத்தது.
அவள் பெயரில் இரண்டு எழுத்துப்பிழை.
இறக்கிக் கேட்டேன், காதை நெருக்கி,
வேட்டைக்காரன் தன் கண்ணியைத் தேடுவதுபோல.
என் பிழை ஒன்றுகூட இல்லை.
மூன்றாம் பாட்டில், இரண்டாம் சரணத்துக்கு முன்னால்
அவள் மூச்சு வாங்குவது
சுத்தமாகக் கேட்டது.

மறுநாள் எழுதுபொருள் அலமாரிச் சாவி கெசினேயிடம்.
கறுப்பு மார்க்கர் ஒரு பெட்டி வேண்டும் என்றேன்.
ஏன் என்று அவள் கேட்கவில்லை.
பதிவேட்டைத் திறந்து
'காரணம்' என்ற கட்டத்தில்
நிதானமாக எழுதினாள்:
உரிமைக் காப்பு.